கிலோவா லிட்டரா? எண்ணெய் அளவை மாற்றிக் கணக்கிட முழு வழிகாட்டி

போன வருடம் 25 கிலோ எள்ளை மரச்செக்குக்குக் கொண்டுபோயிருந்தேன். "பத்து கிலோ எண்ணெய் வரும், பாத்திரம் எடுத்துட்டு வாங்க" என்று செக்குக்காரர் முன்பே சொல்லியிருந்தார். ஐந்து லிட்டர் கேன் இரண்டை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துப்போனேன். இரண்டும் கழுத்துவரை நிறைந்த பிறகும் அவருடைய பாத்திரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் மிச்சம். பக்கத்து டீக்கடையில் காலி தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கி, துடைத்து, அதில் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் கிலோ என்றார், நான் அதை லிட்டர் என்று கேட்டுக்கொண்டேன்.

இந்தக் குழப்பம் செக்கோடு முடிவதில்லை. ஒரு கடையில் விலை கிலோவுக்கு, அடுத்த கடையில் லிட்டருக்கு. ஊறுகாய்க் குறிப்பில் கிராம், கேக் குறிப்பில் கப், பாக்கெட்டில் இரண்டும். ஒருமுறை உட்கார்ந்து தெளிவாக்கிக்கொண்டால் அப்புறம் ஏமாற வேண்டியதில்லை. வேண்டியவை ஒரு சமையலறைத் தராசும் வாய்ப்பாடு அளவுக்குக் கணக்கும்தான்.

முதலில் ஒரே ஒரு எண்

லிட்டர் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். கிலோ என்பது அதன் எடை. தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வருவதால், லிட்டர் என்றாலே கிலோதான் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. பால் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கனம் என்பதால் அங்கேயும் தவறு கண்ணில் படாது. எண்ணெயில்தான் மாட்டிக்கொள்கிறோம். ரசத்தின் மேல் நெய் மிதப்பதைத் தினமும் பார்க்கிறோம். தண்ணீரை விட லேசாக இருப்பதால்தான் மிதக்கிறது. எவ்வளவு லேசு? நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி வாக்கில், ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்.

இந்த 910ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும். கணக்கு இப்படி:

லிட்டரைக் கிலோவாக்க 0.91ஆல் பெருக்க வேண்டும். 5 லிட்டர் என்றால் 4 கிலோ 550 கிராம்.

கிலோவை லிட்டராக்க 0.91ஆல் வகுக்க வேண்டும். 5 கிலோ என்றால் 5.49, அதாவது ஐந்தரை லிட்டர்.

கடையில் நின்றுகொண்டு 0.91ஆல் யார் வகுப்பார்கள்? மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கிலோவை லிட்டராக்கும்போது பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 10 கிலோவோடு 1 சேர்த்தால் 11 லிட்டர். உண்மையான விடை 10.99, ஆகவே வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். லிட்டரைக் கிலோவாக்கும்போது பத்தில் ஒன்றைக் கழித்து, நூறில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். 2 லிட்டரில் 200 போக 1,800, அதோடு 20 சேர்த்தால் 1,820 கிராம்.

கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பும். எனக்கு உதவுவது இதுதான்: ஒரு கிலோ எண்ணெய் ஒரு லிட்டர் பாட்டிலில் அடங்காது, வழியும். ஆகவே ஒரே எண்ணெயைச் சொல்லும்போது லிட்டர் எண் எப்போதும் கிலோ எண்ணை விடப் பெரிதாகத்தான் இருக்கும். விடை அப்படி வரவில்லை என்றால் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள்.

எண்ணெய்க்கு எண்ணெய் மாறாதா?

மாறும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 30 டிகிரியில் ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ இப்படி இருக்கும்: பாமாயில் 907 கிராம், கடலை எண்ணெய் 910, தவிட்டு எண்ணெய் 912, நல்லெண்ணெய் 913, சூரியகாந்தி 914, தேங்காய் எண்ணெய் 917. ஒவ்வொன்றிலும் நாலைந்து கிராம் முன்பின் இருக்கும். உருகிய நெய்யும் 905, 910 அருகில்தான். பட்டியலின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு சதவீதம். சமையலுக்கோ விலை ஒப்பிடவோ இது ஒரு பொருட்டே இல்லை. 0.91 எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

விலக்கு ஒன்று உண்டு: விளக்கெண்ணெய். அது மற்றவற்றை விடக் கெட்டி. லிட்டர் சுமார் 955 கிராம். பருப்பில் தடவி வைக்க வாங்கினாலும் தைலம் காய்ச்ச வாங்கினாலும் அதற்கு மட்டும் தனிக்கணக்கு.

"எங்கள் நல்லெண்ணெய் கனமானது, அதுதான் சுத்தத்துக்கு அடையாளம்" என்று சிலர் விற்பதைக் கேட்டிருக்கிறேன். எடையை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், எதை எதோடு கலந்தாலும் எடை அசையப்போவதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது

என் சொல்லை நம்ப வேண்டாம், அரைமணி நேரத்தில் நீங்களே அளந்துவிடலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்தால் அவர்களுக்கு அடர்த்திப் பாடமும் முடிந்துவிடும்.

வாய் குறுகலான அரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரம் வேண்டாம். அதில் மட்டம் ஒரு நூல் ஏறி இறங்கினாலே பல மில்லி மாறிவிடும். காய்ந்த காலி பாட்டிலை எடை போடுங்கள். 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போடுங்கள். 524 என்று காட்டினால் தண்ணீர் 500 கிராம். இப்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாட்டிலை முழுக்கக் காயவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் நாலு சொட்டும் எடையில் சேரும். பிறகு அதே கோடுவரை எண்ணெய் ஊற்றுங்கள். நுரையும் குமிழும் அடங்க ஐந்து நிமிடம் விட்டு எடை போடுங்கள். 481 காட்டினால், பாட்டில் போக எண்ணெய் 457 கிராம்.

457ஐ 500ஆல் வகுத்தால் 0.914. தண்ணீரும் 30 டிகிரியில் லிட்டருக்கு 1,000 கிராம் இருக்காது, 996தான். ஆகவே 0.914ஐ 0.996ஆல் பெருக்கினால் 0.910. இந்தக் கடைசிப் பெருக்கலைத் தவிர்த்தாலும் குடி முழுகிவிடாது.

ஒரு கிராம் நுட்பமாகக் காட்டும் தராசு இதற்குப் போதும். காய்கறிக்கடைத் தராசில் செய்யாதீர்கள். ஐந்து ஐந்து கிராமாகத் தாவும் தராசில் இந்த விடை கிடைக்காது.

விலை ஒப்பிடும்போது

உண்மையில் இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஒரு செக்கில் கடலை எண்ணெய் கிலோ 400 ரூபாய், இன்னொன்றில் லிட்டர் 380 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 380தான் மலிவு என்று கை போகும். லிட்டர் விலையைக் கிலோ விலையாக்க, பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்: 380, 38, ஆக 418. கிலோ 400 என்று விற்கிறவரிடம்தான் 18 ரூபாய் லாபம்.

இங்கே அளவுக் கணக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அளவை லிட்டரிலிருந்து கிலோவாக்கினால் எண் குறையும். விலையை லிட்டரிலிருந்து கிலோவாக்கினால் எண் கூடும். கிலோவில் எண்ணெய் அதிகம், அதனால் விலையும் அதிகம், அவ்வளவுதான்.

டின் வாங்குகிறவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650 கிராம். 15 கிலோ டின்னில் இருப்பது பதினாறரை லிட்டர். ஒரு கல்யாணத்துக்கு நாலு டின் என்றால் ஐந்தரைக் கிலோ எண்ணெய் எங்கே போனது என்று சமையல் மாஸ்டரைச் சந்தேகப்பட நேரும். 15 கிலோ டின் 2,700 ரூபாய், 15 லிட்டர் டின் 2,550 ரூபாய் என்றால் முன்னது கிலோ 180, பின்னது கிலோ 187. சமையல்காரர் "ஒரு டின் எண்ணெய்" என்று பட்டியல் எழுதிக் கொடுத்தால், எந்த டின் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது

இந்தியாவில் பாக்கெட் எண்ணெயின் அளவைக் கொள்ளளவில் குறித்தால் எடையையும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்தில் 910 கிராம் என்று இருக்கிறது. இதில் ஒரு தந்திரம் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் சூடானால் விரியும், லிட்டருக்கான எடை குறையும். சில கம்பெனிகள் வெப்பநிலையை உயர்த்திக் குறித்து, அதற்கேற்பக் குறைந்த எடையை எழுதின. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையே எடுத்துக்காட்டியது. சமையலறை அலமாரியில் 60 டிகிரியில் எண்ணெய் வைத்திருப்பவர் யார்? 2022 ஆகஸ்டில் அந்தத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சரியாக எழுத வேண்டும் என்று சொல்லி, லேபிள்களைத் திருத்த 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது.

அந்தக் கதவு மூடியதும் இன்னொன்று திறந்துகொண்டது. இன்ன அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது 870, 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகள், பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே அதே அலமாரியில் நிற்கின்றன. எழுதியிருப்பதால் சட்டப்படி குற்றமில்லை, படிக்காமல் எடுப்பது நம் பாடு. 850 கிராம் என்றால் 934 மில்லி. 800 என்றால் 879. 750 என்றால் 824. 850 கிராம் பாக்கெட் 140 ரூபாய், ஒரு லிட்டர் பாக்கெட் 146 ரூபாய் என்றால் ஆறு ரூபாய் மிச்சம் என்று தோன்றும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 165, இரண்டாவது 160. எண்ணெய் பாக்கெட்டில் லிட்டரைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள், செல்போன் எதற்கு இருக்கிறது.

பாக்கெட்டை வீட்டில் எடை போட்டு 900 கிராம்தான் இருக்கிறது என்றால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். 500 முதல் 1,000 வரை உள்ள பாக்கெட்டில் 15 கிராமோ 15 மில்லியோ முன்பின் இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட் 896 கிராம்வரை இறங்கினாலும் அந்த வரம்புக்குள்தான். எண்ணெயை ஊற்றிய பின் காலிக் கவரையும் எடை போட்டுக் கழிக்க மறக்காதீர்கள். எண்ணெய் மட்டும் 896க்கும் கீழே போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை.

சூடும் குளிரும்

வெப்பம் பத்து டிகிரி ஏறினால் எண்ணெயின் கொள்ளளவு சுமார் 0.7 சதவீதம் கூடும். சென்னை வெயிலில் அளக்கும் ஒரு லிட்டர் 910 கிராம் என்றால், ஊட்டிக் குளிரில் அளக்கும் ஒரு லிட்டர் 917, 920 இருக்கும். அதே எண்ணெயை எடுத்துப்போனால் மாறுவது கொள்ளளவு; எடை மாறாது. ஆகவே கிலோவில் வாங்குகிறவருக்குப் பருவம் எதுவானாலும் கவலையில்லை.

வாணலியில்தான் இது நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயம். வடை பொரிக்க 180 டிகிரிக்குக் காய்ந்த எண்ணெய், ஊற்றியபோது இருந்ததை விடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் விரிந்திருக்கும். அதோடு வடையின் ஈரம் வேறு நுரைத்துக்கொண்டு கிளம்பும். வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதே என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் உறைந்ததைக் கரண்டியால் தோண்டி "இரண்டு ஸ்பூன்" என்று போட்டால் அது எந்தக் கணக்கிலும் சேராது. இடையில் காற்று இருக்கும், அல்லது குவியலாக நிற்கும். உருக்கி அளங்கள், இல்லையென்றால் எடை போடுங்கள். நெய்க்கும் டால்டாவுக்கும் இதே பேச்சு.

சமையல் குறிப்புகளில்

அளவு ஸ்பூன் செட்டில் டீஸ்பூன் 5 மில்லி, அதில் எண்ணெய் நாலரைக் கிராம். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, சுமார் 13.7 கிராம். கப் 240 மில்லியாக இருந்தால் 218 கிராம், 250ஆக இருந்தால் 228. வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்களை நம்ப வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. தாளிக்க எடுக்கும் குழிக்கரண்டியை ஒருமுறை தராசில் வைத்து அளந்து, எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பலருக்கு அன்றைக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும்.

ஊற்றி அளப்பதை விட, ஊற்றியதைக் கழித்து அளப்பது சுத்தமான வழி. எண்ணெய்த் தூக்கைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, எடுத்து வாணலியில் ஊற்றி, திரும்பத் தராசில் வையுங்கள். மைனஸ் 27 என்று காட்டினால் 27 கிராம் போயிருக்கிறது. கப்பில் ஒட்டிக்கொண்டு வீணாவது கிடையாது, கழுவும் வேலையும் கிடையாது. 27 என்று சும்மா சொல்லவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரிக்கான மாதிரித் தட்டில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஒதுக்கியிருப்பது 27 கிராம்தான். கொள்ளளவில் 30 மில்லி, அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன். பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ 240 கிராம். லிட்டரில் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊறுகாய்க்கு "ஒரு கிலோ மாங்காய், 300 கிராம் நல்லெண்ணெய்" என்று இருந்தால் 330 மில்லி ஊற்ற வேண்டும். 300 மில்லியோடு நிறுத்தினால் 27 கிராம் குறையும், மேலே எண்ணெய் நிற்பது அந்த அளவுக்குக் குறையும். பழைய வீட்டுக் குறிப்புகளில் "அரைக்கிலோ எண்ணெய்" என்று இருந்தால் எடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், 550 மில்லி. கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் போடுகிறவர்கள், வெண்ணெயில் ஐந்தில் நாலு பங்குதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர் என்பதை மறக்கக் கூடாது. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய், அதாவது 88 மில்லி.

ஆழாக்கு, உழக்கு, படி என்று எழுதி வைத்த குறிப்புகளும் சில வீடுகளில் இருக்கும். ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336, படி 1,344 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். அதன்படி ஒரு ஆழாக்கு எண்ணெய் 153 கிராம், ஒரு படி ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பாட்டி வைத்திருந்த ஆழாக்கே கையில் இருந்தால் தண்ணீர் ஊற்றி எடை போட்டுவிடுங்கள், அதுதான் சரியான விடை. இலங்கையில் தேங்காய் எண்ணெயைப் போத்தல் கணக்கில் விற்பார்கள். ஒரு போத்தல் 750 மில்லி, 690 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

சோப்பு செய்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

சமையலில் கிராமும் மில்லியும் இடம் மாறினால் ருசி கொஞ்சம் மாறும். தேங்காய் எண்ணெய் சோப்பில் மாறினால் தோல் எரியும். 500 கிராம் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற சுமார் 91.5 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஐந்து சதவீத எண்ணெய் மிஞ்சட்டும் என்று 87 கிராம் போடுவார்கள். நீங்கள் 500 கிராமுக்குப் பதில் 500 மில்லி ஊற்றினால் உள்ளே இருப்பது 458 கிராம்தான்; அதற்கு 84 கிராமே போதும். மிச்சம் மூன்று கிராம் காஸ்டிக் சோப்பிலேயே தங்கிவிடும். இந்த வேலையில் லிட்டர் பாத்திரத்தைத் தொடவே கூடாது, எல்லாம் தராசில்.

செக்குக்குப் போகும்போது

பத்து கிலோ எண்ணெய்க்குப் பதினொரு லிட்டர் இடம் வேண்டும் என்று இப்போது தெரியும். அதோடு வாயில் கொஞ்சம் காலி விட வேண்டும், வெயிலில் வைத்தால் விரியும். ஆகவே கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் பாத்திரம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். காலிக் கேனைச் செக்கிலேயே எடை போட்டு மூடியில் எழுதி வாங்கிவிடுங்கள். நிரப்பிய பிறகு கழித்துக்கொள்ளலாம், வீட்டிலும் எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

செக்கிலிருந்து வந்த எண்ணெய் கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் கசண்டு அடியில் தங்கும். செக்கில் போட்ட எடையில் அந்தக் கசண்டும் சேர்த்தி. தெளிந்ததை இறுத்த பிறகு மறுபடி ஒருமுறை எடை போட்டு, அந்த எண்ணை எள்ளின் விலை, ஆட்டுக்கூலி இரண்டோடும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், உங்கள் எண்ணெய் கிலோ என்ன விலைக்கு விழுந்தது என்று தெரியும். புண்ணாக்கைச் செக்குக்காரரிடமே விட்டுவிட்டு வந்திருந்தால் அதன் விலையைக் கூலியில் கழித்தாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.